இடியாப்பம், சேவை, சந்தகை: பிழிந்து அவிப்பதும் அவித்துப் பிழிவதும்

சில உணவகங்களில் ‘எலுமிச்சை சேவை’ என்று கேட்டால், காலையில் மீந்த இடியாப்பத்தை உதிர்த்து, கடுகும் கடலைப்பருப்பும் தாளித்து, மஞ்சள் நிறமாக்கிக் கொண்டுவந்து வைக்கிறார்கள். உண்பவர்களில் பெரும்பாலோர் அதைக் குறையாகக் கருதுவதில்லை. இரண்டும் அரிசி, இரண்டும் இழை, இரண்டும் ஆவியில் வெந்தவை என்ற நினைப்பே அதற்குக் காரணம். ஆனால் கோயம்புத்தூர்ப் பக்கத்து வீட்டிலோ பாலக்காட்டு அக்கிரகாரத்திலோ வளர்ந்த ஒருவர் அந்தத் தட்டில் முதல் கவளத்தை எடுத்ததுமே இது சேவை அல்ல என்று சொல்லிவிடுவார். அவர் நாக்கு கண்டுகொள்வது எதை, அதை நம் அடுப்பங்கரையில் எப்படிக் கொண்டுவருவது என்பதை அரிசியிலிருந்து தொடங்கி இங்கே வரிசையாக விளக்குகிறேன்.

முதலில் நினைவில் கொள்ள வேண்டியது ஒன்றே. இடியாப்பத்தில் மாவைப் பிழிந்த பிறகு அவிக்கிறோம். சேவையிலும் அதன் கொங்கு நாட்டு உறவான சந்தகையிலும் மாவை அவித்த பிறகு பிழிகிறோம். அரிசியின் வகை, அச்சின் துளை, கருவியின் வலு, தொட்டுக்கொள்ளும் குழம்பு ஆகிய மற்ற எல்லா வேறுபாடுகளும் இந்த வரிசை மாற்றத்திலிருந்தே கிளைக்கின்றன. ஆகையால், எந்த ஊர்ச் செய்முறை கையில் கிடைத்தாலும், அதில் பிழிதல் முந்துகிறதா அவித்தல் முந்துகிறதா என்று பார்த்துவிட்டால் அது எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று தெரிந்துவிடும். அதன் பெயர் நம்மைக் குழப்ப விடக்கூடாது.

பெயர்கள் உண்மையிலேயே குழப்பக்கூடியவை. இடித்த மாவில் செய்யும் அப்பம் என்பதால் இடியாப்பம் என்று பொதுவாக விளக்கம் சொல்லப்படுகிறது. இலங்கைத் தமிழர் அதைக் குறில் ஒலியோடு ‘இடியப்பம்’ என்பர். கேரளத்தில் அதற்கு நூல்புட்டு என்றும் பெயர் உண்டு. கொங்கு நாட்டில் சந்தகை என்பதைப் பேச்சில் சந்தவை என்றும் சந்தகம் என்றும் சொல்வார்கள். சேவை என்ற சொல்லுக்கு மிக நெருக்கமாக ஒலிப்பது கன்னடத்துச் ‘சாவிகே’. அங்கே ‘ஒத்து சாவிகே’ என்றால் அழுத்திப் பிழிந்த சாவிகே என்று பொருள். அதுவும் வெந்த மாவு உருண்டையைப் பிழிந்து செய்வதுதான். கடையில் காய்ந்த நிலையில் விற்கும் கோதுமைச் சேமியாவுக்கும் இதற்கும் ஒலியிலும் இழை வடிவத்திலும் ஒற்றுமை உண்டு, செய்முறையில் இல்லை.

இடியாப்பத்தின் தொன்மையைப் பேசுபவர்கள் பெரும்பாணாற்றுப்படையை மேற்கோள் காட்டுவது வழக்கம். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய அந்த நூலில், கூவியர் என்னும் அப்ப வணிகர் கரிய அகலில் பாகோடு சேர்த்துச் செய்த ‘இழை சூழ் வட்டம்’ பாலில் கலந்து கிடப்பது உவமையாக வருகிறது. நூல் சுற்றியது போன்ற வட்டம், அதன்மேல் பால் என்றவுடன் நமக்கு இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் கண்முன் வருவது இயல்பே. ஆயினும் அங்கே அகல் இருக்கிறது, பாகு இருக்கிறது, ஆவி இல்லை. எனவே அது இன்றைய இடியாப்பமேதான் என்று அடித்துச் சொல்ல நான் துணியமாட்டேன். இழைபோன்ற வட்டமான பண்டத்தைப் பாலில் நனைத்து உண்ணும் சுவை தமிழர்க்குப் புதிதல்ல என்ற அளவில் அந்த அடியை எடுத்துக்கொள்வதே நேர்மை.

அரிசியைத் தேர்ந்தெடுத்தல்

கோதுமை மாவைப் பிசைந்தால் அதிலுள்ள புரதம் வலைபோலப் பின்னி மாவைச் சேர்த்துப் பிடிக்கும். அரிசி மாவில் அந்தப் புரதம் இல்லை. ஆகவே அரிசி மாவு இழையாக நிற்க வேண்டுமானால் அதன் மாவுச்சத்து சூட்டில் நீரை உறிஞ்சிப் பசையாக வேண்டும். அந்தப் பசையை எந்த நேரத்தில், எவ்வளவு உண்டாக்குகிறோம் என்பதில்தான் இடியாப்பமும் சேவையும் பிரிகின்றன. இடியாப்பத்தில் கொதிநீர் ஊற்றிப் பிசையும்போது மாவின் ஒரு பகுதி மட்டும் பசையாகி இழையைத் தாங்குகிறது. மீதி, தட்டில் பிழிந்தபின் ஆவியில் வேகிறது. சேவையில் மாவு முழுவதும் வெந்து இறுகிய பின்னர்தான் அச்சுக்குள் போகிறது. ஆகையால் இடியாப்ப இழை மென்மையாகவும் ஒன்றோடொன்று லேசாக ஒட்டியும் இருக்கும். சேவை இழை வழவழப்பாகவும் சற்றே இழுவையோடும் தனித்தனியாக நிற்கும்.

இதனால்தான் இடியாப்பத்துக்குப் பச்சரிசியும் சந்தகைக்குப் புழுங்கலரிசியும் பொருந்துகின்றன. நெல்லாக இருக்கும்போதே ஊறி, அவிந்து, உலர்ந்த புழுங்கலரிசியின் மாவுச்சத்து ஏற்கெனவே ஒருமுறை பசையாகி இறுகியிருக்கிறது. அதை அரைத்து மறுபடி அவித்தால் இழை உறுதியாகவும் ஒட்டாமலும் வரும். கடையில் இட்லி அரிசி என்று விற்கும் குண்டுப் புழுங்கலரிசி சந்தகைக்குப் போதும். இடியாப்பத்துக்குப் பழைய பச்சரிசி நல்லது; புதிய அரிசியின் மாவு குழைந்து அச்சில் அப்பிக்கொள்ளும். யாழ்ப்பாணத்திலும் இலங்கையின் பிற பகுதிகளிலும் சிவப்புப் பச்சரிசி மாவை விரும்புவார்கள். அந்த இடியப்பத்தின் மணமும் சற்றுச் சொரசொரப்பான தன்மையும் வெள்ளை மாவில் கிடைக்காது.

இடியாப்பம்: மாவு முதல் தட்டு வரை

பச்சரிசியை இரண்டு மூன்று முறை களைந்து, 1 மணி நேரம் ஊறவைத்து, நீரை முழுவதும் வடித்து, வெள்ளைத் துணியில் நிழலில் பரப்ப வேண்டும். அரிசியைக் கையில் எடுத்தால் ஈரம் தெரிய வேண்டும், ஆனால் உள்ளங்கையில் நீர் ஒட்டக்கூடாது. அந்தப் பதத்தில் அரைத்து, மெல்லிய கண் சல்லடையில் சலித்து, சல்லடையில் தங்கிய நொய்யைத் திரும்ப அரைத்துச் சேர்க்கலாம். ஒரு குருணை அச்சுத் துளையில் சிக்கினாலும் பிழியும் கை ஓய்ந்துவிடும் என்பதால் இந்த வேலையில் சோம்பல் உதவாது.

அடுத்து வறுத்தல். அடி கனமான வாணலியில், சிறு தீயில், நிறம் மாறாமல் வறுக்க வேண்டும். ஆவி அடங்கி, மாவு மணல்போல உதிரத் தொடங்கும்போது ஒரு சிட்டிகை எடுத்துக் கோடு இழுத்துப் பாருங்கள். கோலம் போடுவதுபோல இழை அறுபடாமல் விழுந்தால் பதம் சரி. வீட்டில் கோலம் போட்டுப் பழகிய விரல்களுக்கு இந்தச் சோதனையை விளக்கவே தேவையில்லை. சிவந்துவிட்டால் மாவு முறுக்குக்கு ஆகுமே தவிர இடியாப்பத்துக்கு ஆகாது. வறுத்த மாவை ஆறவைத்து, மறுபடி சலித்து, காற்றுப்புகாத டப்பாவில் வைத்தால் பல வாரங்கள் கெடாமல் இருக்கும். இலங்கையில் வறுத்த அரிசி மாவோடு அவித்த கோதுமை மாவையும் கலப்பதுண்டு. கோதுமை மாவைத் துணியில் கட்டி ஆவியில் அவித்து, சூட்டோடு உதிர்த்துச் சலித்துக்கொள்வார்கள். அவித்தபின் கோதுமையின் புரதம் தன் இழுவையை இழந்துவிடுவதால் மாவு ரப்பர்போல ஆவதில்லை, இழையும் மென்மையாகிறது.

பிசையும்போது நீரின் சூடுதான் முக்கியம். 1 டம்ளர் வறுத்த மாவுக்கு ஒன்றேகால் முதல் ஒன்றரை டம்ளர் நீர் பிடிக்கும். அரிசியின் வயதையும் வறுத்த அளவையும் பொறுத்து இது மாறும். நீரில் உப்பும் ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெயும் சேர்த்து, தளதளவென்று கொதிக்கும்போதே மாவில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, அகப்பைக் காம்பால் கிளறுங்கள். நீர் முழுவதையும் ஒரேயடியாகக் கொட்டுவதும், கொதித்து இறக்கி ஆறிப்போன நீரை ஊற்றுவதும் ஒரே அளவு தவறுகள்தாம்: முதலாவதில் மாவு கூழாகிவிடும், இரண்டாவதில் பசை உண்டாகாமல் இழை துண்டு துண்டாக விழும். கிளறியபின் மூடி 5 நிமிடம் விட்டு, கை பொறுக்கும் சூட்டில் அழுத்திப் பிசைய வேண்டும். மாவு சப்பாத்தி மாவைவிட மென்மையாக, விரலில் ஒட்டாமல் இருக்க வேண்டும்.

பிழியும் குழலில் ஓமப்பொடி அச்சைப் போட்டு, உட்புறம் எண்ணெய் தடவி, முக்கால் அளவு மாவை நிரப்புங்கள். இட்லித் தட்டிலோ மூங்கில், பிரம்பு தட்டிலோ வெளியோரத்திலிருந்து உள்நோக்கிச் சுற்றிப் பிழிந்தால் வட்டம் ஒழுங்காக வரும். தடிமனாக அடுக்கக்கூடாது, இழைகளுக்கிடையே ஆவி புக வழி வேண்டும். நீர் நன்றாகக் கொதித்து ஆவி வரத் தொடங்கிய பிறகே தட்டை உள்ளே வைத்து, 6 முதல் 8 நிமிடம் அவித்தால் போதும். தொட்டால் ஈரம் ஒட்டாமல் பளபளப்பாக இருந்தால் வெந்துவிட்டது. அதற்குமேல் விட்டால் அடியில் நீர் கோத்து இழைகள் ஒன்றாகிவிடும். பின்னிய தட்டில் அவித்த இடியாப்பம் உலோகத் தட்டில் அவித்ததைவிடப் பொலபொலவென்று இருப்பதற்குக் காரணம், அதில் ஆவி கீழிருந்தும் ஊடுருவுவதும் நீர் தேங்காமல் இருப்பதுமே.

சந்தகை: கொங்கு வீட்டு வேலை

சந்தகை ஒருவர் மட்டும் செய்யும் பலகாரம் அல்ல. கோவை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்து வீடுகளில் விருந்தாளி வந்தாலோ உறவினர் கூடினாலோதான் சந்தகை பிழிவார்கள். ஒருவர் சூடான மாவைப் பிழியும் கருவியான நாழியில் இட, இன்னொருவர் திருக, மூன்றாமவர் விழும் இழையைத் தட்டில் ஏந்தி வாங்குவார். வெந்த மாவு பச்சை மாவைப் போல் இளகிக் கொடுக்காது என்பதால், இடியாப்பக் குழலைக் கையால் அழுத்துவது போல இதை அழுத்திவிட முடியாது. திருகு அமைந்த முக்காலி நாழி இதற்காகவே உண்டானது. இடியாப்பக் குழலில் சந்தகை பிழிய முயன்று கைப்பிடியை உடைத்தவர்களில் நானும் ஒருவன்.

2 டம்ளர் இட்லி அரிசியைக் களைந்து, குறைந்தது 4 மணி நேரம் ஊறவையுங்கள். இட்லி மாவைவிட நைசாக அரைக்க வேண்டும். விரல்களுக்கிடையே தேய்த்தால் குருணை தட்டக்கூடாது. சிலர் அரைக்கும்போது ஒரு கைப்பிடி தேங்காய்த் துருவலையும் சேர்ப்பார்கள். இழை மிருதுவாகும், ஆனால் அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும். உப்புச் சேர்த்து, இட்லி மாவின் பதத்துக்குக் கரைத்து, உடனே அவிக்க வேண்டும். இங்கே உளுந்தும் இல்லை, புளிக்கவைத்தலும் இல்லை. மாவு புளித்துவிட்டால் வெந்த இட்லிக்குள் காற்றறைகள் உண்டாகி, பிழியும்போது இழை நடுநடுவே அறுபடும், சுவையும் மாறிவிடும்.

எண்ணெய் தடவிய இட்லித் தட்டில் ஊற்றி 12 முதல் 15 நிமிடம் அவியுங்கள். உளுந்தில்லாத இந்த இட்லி உப்பாது, கல்லுப்போல அமர்ந்திருக்கும். அதைக் கண்டு கலங்க வேண்டாம். கத்தி நுனியைச் செருகினால் மாவு ஒட்டாமல் வர வேண்டும். ஈடு முழுவதையும் ஒரேயடியாக வெளியே எடுத்துவிடாமல், பாத்திரத்தின் மூடியை மூடியே வைத்து, இரண்டு மூன்றாக எடுத்து நாழியில் போட்டுத் திருகுங்கள். சூடு ஆற ஆற மாவுச்சத்து இறுகும். ஆறிய சந்தகை மாவைப் பிழிய யாராலும் ஆகாது. விழுந்த இழையை அகலத் தட்டில் பரப்பி, ஆவி அடங்கும்வரை தொடாமல் விட்டால், பிறகு விரலால் கோதினாலே தனித்தனியாகப் பிரியும்.

சேவை: கிளறி, உருட்டி, பிழிதல்

பாலக்காட்டிலும் தஞ்சைப் பகுதியிலும் பிராமணக் குடும்பங்களில் வழங்கும் சேவை, சந்தகையின் நெருங்கிய உறவு. வேறுபாடு அவிக்கும் முறையில் இருக்கிறது. புழுங்கலரிசி மட்டும் போடுபவர்களும் சிறிது பச்சரிசி கலப்பவர்களும் உண்டு. நைசாக அரைத்த மாவைத் தோசை மாவைவிட நீர்க்கக் கரைத்து, வாணலியில் நல்லெண்ணெயோ தேங்காயெண்ணெயோ விட்டு, அதில் ஊற்றி விடாமல் கிளறுவார்கள். மாவு திரண்டு, வாணலியில் ஒட்டாமல் உருண்டு வரும்போது இறக்கி, நாழியின் வாய்க்குள் போகும் அளவில் நீளக் கொழுக்கட்டையாக உருட்டி, கொதிக்கும் நீரில் போடுவதோ ஆவியில் வைப்பதோ வழக்கம். நீரில் போட்டவை மேலே மிதந்து வந்ததும், ஒவ்வொன்றாக வடித்தெடுத்துச் சேவை நாழியில் பிழிய வேண்டும். இருமுறை வேகும் இந்த முறையில் இழைக்குக் கிடைக்கும் வழவழப்பு, இட்லியாக அவிக்கும் சந்தகையில் சற்றுக் குறைவு. சந்தகையில் கிடைக்கும் அரிசி மணம் இதில் சற்றுக் குறைவு. எது உயர்ந்தது என்று கேட்டால் என் வாக்கு சந்தகைக்கே, ஆனால் தாளித்த வகைகளுக்குச் சேவையே மேல்.

தாளித்த வகைகள் என்றால் தேங்காய், எலுமிச்சை, புளி, எள், தயிர் என ஐந்தையாவது ஒரே பிழிதலில் செய்துவிடலாம். இழை முழுவதும் ஆறியபின்தான் கலக்க வேண்டும். புளிக்காய்ச்சலும் எலுமிச்சைத் தாளிப்பும் வெந்நிலையில் இருக்கலாம். இழை ஆறியிருப்பது அவசியம், இல்லையேல் உடைந்து பொடியாகும். வெறும் சேவையை மோர்க்குழம்போடு உண்பது பாலக்காட்டு வழக்கம்.

எதனோடு உண்பது

இழையின் தன்மையே துணையைத் தீர்மானிக்கிறது. இடியாப்பம் குழம்பை உறிஞ்சும். ஆகையால் நீர்த்த, பால் சேர்ந்த, எலும்புச் சாறு இறங்கிய குழம்புகள் அதற்குப் பொருந்தும். ஆட்டுக்கால் பாயாவோடு தமிழ் முஸ்லிம் வீடுகளிலும், கோழிக் குழம்போடு செட்டிநாட்டிலும், முட்டைக் கறியோடும் கடலைக் கறியோடும் கேரளத்திலும் இடியாப்பம் சேர்ந்து வருவது இதனால்தான். மலேசியாவில் ‘புட்டு மாயம்’ என்ற பெயரில் விற்கும் இடியாப்பத்துக்குத் தேங்காய்த் துருவலும் பழுப்புச் சர்க்கரையுமே துணை.

இலங்கையில் இடியப்பத்துக்குச் சொதியும் சம்பலும் பிரியாத துணைகள். இங்கே ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். யாழ்ப்பாணத்துச் சொதி, தேங்காய்ப்பாலில் வெங்காயம், பச்சைமிளகாய், மஞ்சள் சேர்த்துக் கொதிக்கவிட்டு, இறக்கியபின் எலுமிச்சைப்புளி பிழியும் எளிய சாறு. மீனோ உருளைக்கிழங்கோ விரும்பினால் சேரும். திருநெல்வேலிச் சொதி திருமணத்தை ஒட்டிய மறுவீட்டு விருந்தின் அடையாளம்: பாசிப்பருப்பு, பல காய்கறிகள், இஞ்சியும் பச்சைமிளகாயும் அரைத்த விழுது, மூன்று தரமாகப் பிழிந்த தேங்காய்ப்பால் எல்லாம் சேர்ந்து கெட்டியாக இருக்கும். அங்கே அதைச் சோற்றோடு முதன்மையாக உண்பார்கள், இடியாப்பத்தோடும் உண்பார்கள். ஒன்றின் செய்முறையைப் பார்த்துவிட்டு மற்றொன்றை எதிர்பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும்.

சந்தகைக்கு முதல் துணை தேங்காய்ப்பால். ஒரு தேங்காயைத் துருவி, சிறிது வெந்நீர் விட்டு அரைத்து முதற்பாலைத் தனியே எடுத்துவையுங்கள். இரண்டாம் பாலில் வெல்லமோ நாட்டுச்சர்க்கரையோ கரைத்து, வடிகட்டி, ஏலக்காய் தட்டிப்போட்டு மிதமாகச் சூடாக்கி, அடுப்பை அணைத்தபின் முதற்பாலை ஊற்ற வேண்டும்; கொதிக்கும்போது ஊற்றினால் திரிந்துவிடும். கன்னட நாட்டில் ஒத்து சாவிகேக்கு ஊற்றும் ‘காயி ஹாலு’ இதேதான்: தேங்காய்ப்பாலும் வெல்லமும். கொங்கு நாட்டின் வடக்கெல்லை கருநாடகத்தைத் தொடுவதை நினைத்தால் இந்த ஒற்றுமை வியப்பாக இராது.

தவறினால் திருத்துவது

இடியாப்ப இழை பிழியும்போது அறுபட்டால் நீரின் அளவோ சூடோ குறைந்திருக்கிறது. மாவைத் திரும்பப் பாத்திரத்தில் போட்டு, இரண்டு கரண்டி கொதிநீர் தெளித்து மறுபடி பிசையுங்கள். பிழிந்த இழை தட்டில் சரிந்து ஒன்றாகிவிட்டால் நீர் கூடிவிட்டது. வறுத்த மாவை ஒரு கைப்பிடி சேர்க்கலாம். அவித்தபின் விறைப்பாக இருந்தால் மாவு அதிகம் வறுபட்டிருக்கிறது, அதற்கு அன்றைக்குத் திருத்தம் இல்லை. குழம்பை அதிகமாக ஊற்றிக்கொள்ளலாம். சந்தகை நாழியில் நின்றுபோனால் திருகை வலிந்து சுற்றாமல், மாவை வெளியே எடுத்து, 3 நிமிடம் மறுபடி ஆவியில் வைத்துச் சூடேற்றிப் பிழியுங்கள். சந்தகை மாவு வெந்தும் பிசுபிசுத்தால் அரிசி பச்சரிசியாகவோ மிகப் புதியதாகவோ இருக்கும்.

மீந்தவற்றை வைக்கும் முறையிலும் இரண்டும் வேறு. இடியாப்பம் ஆறினால் விறைக்கும். ஈரத்துணி மூடி மறுபடி ஆவி காட்டினால் பழைய மென்மை பெருமளவு திரும்பும். அல்லது வெந்நீர் தெளித்து உதிர்த்து, உப்புமாவாகத் தாளிக்கலாம். இலங்கையில் காய்கறியும் முட்டையும் இறைச்சியும் சேர்த்து இடியப்பக் கொத்தாகக் கொத்திவிடுவார்கள். சந்தகையை அவ்வாறு மறுபடி அவித்தால் குழைந்துபோகும். அதைத் தாளித்துக் கிளறி முடிப்பதே வழி. தொடக்கத்தில் சொன்ன உணவகத்து ‘எலுமிச்சை சேவை’யும் தன்னளவில் நல்ல பலகாரம்தான். பெயர்ப்பட்டியலில் அதை இடியாப்ப உப்புமா என்று எழுதியிருந்தால் போதும்.